கைக்குள் ஒரு சிக்குவழி

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி, மேலே கண்ணாடி, உள்ளே அட்டையாலோ மரத்தாலோ ஆன சிறு சுவர்கள், அவற்றினிடையே ஓடித்திரியும் ஒரு குண்டு. பெட்டியைச் சற்றே சரித்தும் நிமிர்த்தியும் அக்குண்டைச் சிக்குவழியினூடே நடத்தி, நடுவிலுள்ள குழியிற் சேர்த்தல் வேண்டும். இதனை விற்போர் இந்நாளில், 'பொறுமையை வளர்க்கும், அவதானத்தைக் கூர்மையாக்கும்' என்று மேலட்டையில் அச்சிட்டு விற்கின்றனர். பெற்றோரும் அவ்வாசகத்தை நம்பியே பணத்தை எண்ணிக் கொடுக்கின்றனர். ஆசிரியத் தொழிலில் உள்ள எனக்கு அவ்வாசகத்தைச் சற்று உரைத்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

இதன் பூர்வீகத்தை நோக்கின், பொறுமைப் பேச்சுக்கு அங்கே அதிகம் இடமில்லை. 1889ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து வேவர்லி என்னும் ஊரில், சார்ள்ஸ் கிறாண்டல் என்பவர் 'புல்வெளியிற் பன்றிகள்' என்று பொருள்படும் பெயருடைய விளையாட்டுப் பெட்டியொன்றைச் செய்தார். வட்டத்துள் வட்டமாக அட்டைச் சுவர்கள்; அவற்றில் வாயில்கள்; குண்டுகளே பன்றிகள்; நடுவிலிருப்பது அவற்றை அடைக்கும் பட்டி. நம் பிள்ளைகள் கண்டால் சக்கரவியூகம் என்பர். அபிமன்யுவுக்கு வெளியே வரும் வழி தெரியவில்லை. இப்பன்றிகளுக்கோ அது மட்டுமே தெரியும். கடைசிப் பன்றியை உள்ளே விடும் வேளையில் முதலாவது நழுவி வெளியே ஓடிவிடும்.

சில வாரங்களுள் அது நாடெங்கும் பித்தாயிற்று. செனற் சபை அங்கத்தவர் எவாட்ஸ் அதிலொன்றைத் தலைநகர் மாளிகைக்குக் கொண்டுசெல்ல, நரைத்த தலையர் பலர் அதனைச் சூழ்ந்துகொண்டனர் என்று அந்நாட் பத்திரிகைகள் எழுதின. அதனால் அரசியல்வாதிகளின் பொறுமை வளர்ந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

பின்வந்த வடிவங்கள் பல. அவற்றுள் பெரும் புகழ் பெற்றது, சுவீடன் நாட்டின் பிறியோ நிறுவனம் 1946இல் வெளியிட்ட மரப்பெட்டி. அது கையிற் பிடிப்பதன்று, மேசைமேல் வைப்பது. பக்கத்துக்கொன்றாக உள்ள இரு குமிழ்களைத் திருகித் தளத்தைச் சரிக்கவேண்டும். வழியெங்கும் 60 துளைகள். குண்டு எதில் வீழ்ந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதே.

இவ்விளையாட்டின் நுட்பம் சரிவின் அளவிலேயே இருக்கின்றது. தளம் ஒரேயொரு பாகை சரிந்தாற் போதும். கண்ணுக்கு அச்சரிவு புலப்படாது. ஆயினும் தடையின்றி உருளும் குண்டு முதலாவது செக்கனிலேயே ஏறத்தாழ இரண்டரை அங்குலம் போய்விடும். ஐந்து பாகை சரித்தால் அதே நேரத்தில் ஓரடி! பெட்டியோ நான்கு அங்குலம். ஆகவே குண்டு வாயிலை அடைந்தபின் கையைத் திருப்புபவன் தோற்றான். அடையுமுன்பே எதிர்ப்புறம் சரிக்கவேண்டும், அதுவும் சிறிதளவே. பதறிய கை சரிவைப் பெருக்கும். பெருகிய சரிவு குண்டை விரட்டும். விரட்டுண்ட குண்டு கையை மேலும் பதறச் செய்யும். அவசரத்துக்கு உருவம் கிடையாது என்பர். இங்கே அதற்கு உருவம் உண்டு, ஓசையும் உண்டு.

ஆனால் இங்கே பழகிய நிதானம் வேறு கருமங்களுக்கும் உதவுமா? இவ்வினா கல்வியுலகிற்குப் பழையது. இலத்தீனும் கேத்திரகணிதமும் மனத்தையே பொதுவாகத் தீட்டிவிடும் என்ற நம்பிக்கை ஒருகாலத்தில் வேரூன்றியிருந்தது. 1901இல் தோண்டைக், வூட்வேத் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர் அதனைச் சோதித்தனர். செவ்வகங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடப் பயின்றவர்கள், வேறு வடிவங்களை மதிப்பிடும்போது அப்பயிற்சியாற் பெற்ற பயன் சொற்பமே என்று கண்டனர். குண்டை உருட்டிப் பழகியவன் குண்டு உருட்டுவதில் வல்லவனாவான். அதனால் வாய்பாட்டையும் பொறுமையாகப் படிப்பான் என்று அட்டைக்காரர் உறுதி கூறுவது என் எண்ணத்தில் மிகை.

2023ஆம் ஆண்டு டிசெம்பரில், சூரிச் நகரத் தொழில்நுட்பக் கழகத்தார் பொறியொன்றுக்கு மேற்சொன்ன மரப்பெட்டியை ஆடக் கற்பித்த செய்தியை வெளியிட்டனர். கமரா ஒன்று மேலிருந்து பார்க்க, இரு மோட்டர்கள் குமிழ்களைத் திருகின. ஏறத்தாழ 6 மணித்தியாலப் பயிற்சியிலேயே அது மனிதர் எடுத்த மிகக் குறைந்த நேரத்தை முந்தியது. இடையிலே வழியின் சில பகுதிகளைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழிகளையும் தானே கண்டுபிடித்துவிட்டது. அவற்றைத் தவிர்க்கும்படி ஆய்வாளர் கட்டளையிட வேண்டியதாயிற்று. நூறுதரம் தோற்றாலும் பொறிக்குச் சலிப்பில்லை. ஆதலால் அதனைப் பொறுமைசாலி என்று எவரும் புகழவும் மாட்டார்கள். சலிப்பை வைத்துக்கொண்டே நூற்றோராவது முறையும் பெட்டியைக் கையிலெடுக்கும் பிள்ளையின் காரியம் வேறு.

அப்படியொரு பிள்ளையை நான் அறிவேன். ஒன்பது வயது. வகுப்பில் ஓரிடத்தில் இருக்கமாட்டான். அவனுடைய தாயார் ஒருநாள் வந்து, "சேர், அந்தக் குண்டுப் பெட்டியோட அரை மணித்தியாலம் அசையாமல் இருக்கிறான். புத்தகத்தோட அஞ்சு நிமிசம் இருக்கிறானில்லை. இது என்ன வருத்தம்?" என்று கலங்கினார். வருத்தமன்று என்றேன். அவனிடம் பொறுமை முன்பே இருந்தது. பெட்டி அதனைப் புகட்டவில்லை, வெளியே காட்டியது. செய்தது சரியோ பிழையோ என்று பெட்டி அக்கணமே சொல்லிவிடுகின்றது. நமது கொப்பிகளோ திருத்தப்பட்டு வர மூன்று நாளாகும். அதற்குள் பிள்ளை தான் செய்த கணக்கையே மறந்துவிடுவான்.

'அவதானம் குறைந்தவன்' என்று அவனுடைய முன்னேற்ற அறிக்கையில் எழுத எனக்குக் கை வரவில்லை. 'பலன் உடனே தெரியும் வேலைகளில் நெடுநேரம் அமர்கின்றான்' என்று எழுதினேன். முன்புறம் கணக்கும் பின்புறம் விடையுமாகச் சிறு அட்டைகள் வெட்டிக் கொடுத்தேன். முதல்நாள் பன்னிரண்டு கணக்குச் செய்தான். எத்தனைக்கு முதலிலேயே பின்புறம் பார்த்தான் என்பது வேறு விடயம்; குறுக்குவழி சூரிச் பொறிக்கு மட்டுமா தெரியும்?