வெடிச் சத்தம் கேட்காத தீபாவளி!

தீபாவளி என்றால் பட்டாசு. ஆனால் சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் ஒரு ஊசிவெடி கூட வெடிக்காது!

மழைக்காலத்தில் அவ்வூர்க் கண்மாய்க்கு விருந்தாளிகள் வருவார்கள். நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கொக்கு என்று கூட்டம் கூட்டமாக வந்து மரங்களில் கூடு கட்டும். அந்த நேரம் பார்த்துத்தான் தீபாவளியும் வருகிறது! ஒரு வெடி போதும். தாய்ப் பறவைகள் பதறிப் பறந்துவிடும். தனியே கிடக்கும் முட்டையையும் குஞ்சையும் காக்கை சும்மா விடுமா?

எனவே ஊரார் தாங்களாகவே கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். அங்குள்ள கண்மாய்களை 1977-ல் அரசு வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் ஆக்கியது. கட்டுப்பாடு இன்றும் நீடிக்கிறது. ஊராருக்கும் லாபம் உண்டு. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம்.

பட்டாசுக்கு ஏங்கும் பிள்ளைகள் பாடுதான் கஷ்டம்! அவர்களுக்குத் தீபாவளி தோறும் வனத்துறையினர் இனிப்பு கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.