கிணற்றைக் காக்கும் விவசாயிக்குப் பணம்

45 கிலோ யூரியா மூட்டை ஒன்றின் விலை 266 ரூபாய் 50 காசு. திண்டுக்கல் மாவட்டம் குஜிலியம்பாறையில் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கினாலும் தனியார் கடையில் வாங்கினாலும் மூட்டையில் அச்சிட்டிருக்கும் விலை அதுதான். அந்த மூட்டைக்கு உண்மையில் ஆகும் செலவு சுமார் 2,200 ரூபாய் என்று 2023-ல் மத்திய அரசே கணக்குச் சொன்னது. மீதியை அரசு மானியமாகக் கட்டுகிறது. ஆக, மண்ணில் தழைச்சத்தைப் போடுவதற்கு விவசாயிக்கு நாம் ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அளவாகப் போட்டு நிலத்தடி நீரைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளும் விவசாயிக்கு என்ன கொடுக்கிறோம்?

முதலில் கேடு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. மண்ணுக்குள் போனதும் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பயிர் பெரும்பாலும் நைட்ரேட்டாகத்தான் அதை உறிஞ்சுகிறது. ஆனால் நைட்ரேட் மண்ணில் ஒட்டி நிற்காது. வாய்க்காலில் தண்ணீரை நிறைய விட்டாலோ, மேலுரம் போட்ட மறுநாள் ஐப்பசி மழை கொட்டினாலோ, வேருக்கு எட்டாத ஆழத்துக்குத் தண்ணீரோடு இறங்கிவிடும். இங்கே பாளையம், கோவிலூர், கரிக்காலிப் பக்கமெல்லாம் மேலே செம்மண், கொஞ்ச ஆழத்திலேயே பாறை. இறங்கிய நைட்ரேட் பாறை வெடிப்புகளில் தேங்கும் நீரில்தான் போய்ச் சேரும். அந்த நீரைத்தான் கிணறும் போர்வெல்லும் எடுத்துத் தருகின்றன.

இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வேறு வழியில்லை என்றால் இவ்வளவு வரை போகலாம் என்ற தளர்வும் இதற்குக் கிடையாது. ஒரு மூட்டை யூரியாவில் இருக்கும் தழைச்சத்து சுமார் 20.7 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கினால் 9 கிலோவுக்குச் சற்று மேல் நைட்ரேட் உருவாகும். நைட்ரேட்டே இல்லாத 2 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோக அது போதும். நம்மில் பலர் நினைப்பதுபோலக் கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகப் போகப்போக அதன் அடர்த்தி கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இப்படிப்பட்ட நீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கலாம், உடல் நீலம் பாரிக்கலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024 இறுதியில் வெளியிட்ட அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் பரிசோதித்த மாதிரிகளில் 37 சதவீதம் இந்த வரம்பைத் தாண்டியிருந்தன. ராஜஸ்தானுக்கும் கர்நாடகத்துக்கும் அடுத்த இடம் நமக்கு. உரம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கழிவறைக் குழிகளுக்கும் மாட்டுத் தொழுவங்களுக்கும் குப்பைமேடுகளுக்கும் இதில் பங்கு உண்டு.

தண்ணீரைக் கெடுத்தவர்தானே பணம் கட்ட வேண்டும், அவருக்கே பணம் கொடுப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. திண்டுக்கல்லுக்கு இந்தக் கேள்வி புதிதும் அல்ல. இங்கே தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கொடகனாற்றுப் படுகையின் கிணறுகளைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் திண்டுக்கல் மாவட்டமும் இருக்கிறது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பாதிப்பைக் கணக்கிட்டு இழப்பீடு வாங்கித் தர ஒரு ஆணையமும் அமைக்கப்பட்டது. கெடுத்தவரே கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. அங்கே இழப்பீடு கேட்டு நின்றவர் விவசாயி.

அதே சட்டத்தை விவசாயி பக்கம் திருப்ப முடியாததற்குக் காரணம் இருக்கிறது. ஆலைக்குக் கழிவுக் குழாய் உண்டு, அதன் வாயில் மாதிரி எடுக்கலாம். நூறு விவசாயக் காடுகளில் போட்ட உரம் ஒரே நீரூற்றில் கலந்தபின் எந்த மூட்டை யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அரை ஏக்கர் தக்காளிக்காரரிடம் அபராதம் வசூலிப்பது நடக்கிற காரியமும் இல்லை, நியாயமும் இல்லை. பசுமைப் புரட்சிக் காலத்திலிருந்து உரம் போடு, போடு என்று சொல்லிக்கொடுத்ததே அரசுதான்.

விவசாயி ஏன் கூடுதலாகப் போடுகிறார் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். இலை லேசாக வெளிறினால் மனசு கேட்காது. ஒரு மூட்டை 266 ரூபாய், விளைச்சல் குறைந்தால் போவது பல ஆயிரம். அந்தப் பயத்துக்கு மிக மலிவான மருந்தாக யூரியா இருக்கிறது. அறிவுரை சொல்லி இந்தப் பயத்தைப் போக்க முடியாது. குறைத்துப் போட்டு விளைச்சல் இறங்கினால் நாங்கள் தாங்குகிறோம் என்று யாராவது பணத்தோடு முன்வர வேண்டும். விவசாயிக்குப் பணம் கொடுப்பதன் முழு அர்த்தமும் இதுதான்.

வெளிநாடுகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பிரான்ஸில் வித்தேல் என்ற ஊரின் ஊற்றுநீரைப் பாட்டிலில் அடைத்து விற்கும் நிறுவனம், 1980-களின் இறுதியில் நைட்ரேட் ஏறுவதைக் கண்டது. இயற்கைக் கனிம நீர் என்று விற்பதைச் சுத்திகரிக்கச் சட்டம் அனுமதிக்காது. ஊற்றைக் காப்பது ஒன்றே வழி. பிரான்ஸின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நான்கு ஆண்டுகள் விவசாயிகளோடு உட்கார்ந்து ஆராய்ந்தது. ஒப்பந்தங்களை எல்லாம் முடிக்கப் பத்தாண்டு பிடித்தது. ஊற்றைச் சுற்றியிருந்த 26 பண்ணைக்காரர்கள் மக்காச்சோளத்தை விட்டார்கள், ரசாயனத்தை விட்டார்கள், சாணத்தை மக்கவைத்தே நிலத்தில் இட்டார்கள். பதிலுக்கு முதல் சில ஆண்டுகள் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் சுமார் 200 யூரோ கிடைத்தது. புதுத் தொழுவத்துக்கும் கருவிகளுக்கும் தனியாகப் பணம், நிலம் வாங்கிய கடனிலிருந்து விடுதலை, எருவைக் கொண்டுபோய் இட்டுத்தர ஆள் என்று மற்ற உதவிகளும் சேர்ந்தன. ஒப்பந்தம் 18 அல்லது 30 ஆண்டுகளுக்கு. லாபத்துக்காக ஒரு நிறுவனம் செய்த காரியம்தான். என்றாலும் விவசாயியின் கணக்கு எங்கே உதைக்கிறது என்று பொறுமையாகக் கேட்டுத் தீர்த்தார்கள், அது நாம் கற்க வேண்டிய பாடம்.

ஜெர்மனியின் மியூனிக் நகரக் குடிநீர்த் துறை 1992 முதல் தன் நீர்ப்பிடிப்புப் பகுதி விவசாயிகளை இயற்கை விவசாயத்துக்கு மாறச் சொல்லிப் பணம் தருகிறது. நியூயார்க் நகரம் 1990-களில் பல நூறு கோடி டாலர் பிடிக்கும் வடிகட்டும் ஆலையைத் தவிர்க்க, கேட்ஸ்கில் மலைப்பகுதிப் பண்ணைகளில் செய்ய வேண்டிய மாற்றங்களின் செலவைத் தானே ஏற்றது.

இந்தியாவிலும் பணம் இருக்கிறது, ஆனால் அது கிணற்றை நோக்கிப் போகவில்லை. நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறினால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்று ஹரியானா அரசு 2020-ல் அறிவித்தது. அது நீரின் அளவைக் காக்க வந்த திட்டம், தரத்தை அல்ல. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை விவசாய இயக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஊக்கத்தொகை உண்டு. தமிழ்நாட்டின் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டம் தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உர விதைகளைத் தருகிறது. எல்லாம் நல்லவை. ஆனால் எந்தக் குடிநீர்க் கிணற்றைக் காக்க எந்தக் காட்டுக்குப் பணம் என்று இவற்றில் யாரும் கேட்பதில்லை. இயற்கை விவசாயம் என்றாலே நீர் சுத்தமாகிவிடும் என்பதும் உண்மையல்ல. பச்சைக் கோழி எருவைக் குவித்துத் தண்ணீர் விட்டால் அதிலிருந்தும் நைட்ரேட் இறங்கும்.

2023-ல் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட பி.எம். பிரணாம் திட்டம்தான் நம் பேச்சுக்கு மிக நெருக்கமானது. ஒரு மாநிலம் முந்தைய மூன்று ஆண்டு சராசரியைவிட ரசாயன உரத்தைக் குறைத்தால், மிச்சமாகும் மானியத்தில் பாதி அந்த மாநிலத்துக்கு. ஒரு மூட்டை யூரியா குறைந்தால் அரசுக்கு மிச்சம் ஏறக்குறைய 1,900 ரூபாய், அதில் பாதி 950. நல்ல கணக்கு. ஆனால் பணம் போவது மாநில அரசுக்கு. மூட்டையைக் குறைத்துப் பயத்தோடு காட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயியின் பாஸ்புக்கில் அது ஏறும் என்று உறுதியில்லை.

இன்னொரு குறை குஜிலியம்பாறைக்காரருக்கு உடனே புரியும். மானாவாரியில் சோளமும் நிலக்கடலையும் போட்டு, ஆட்டுக்கிடை கட்டிக் காட்டை வளமாக்கியவர் யூரியாவைத் தொட்டதே இல்லை. அவர் எதைக் குறைப்பார்? குறைத்தவருக்குப் பணம் என்று விதி வைத்தால் நேற்றுவரை அள்ளிக் கொட்டியவருக்குப் பரிசு, ஆரம்பத்திலிருந்தே அளவாக இருந்தவருக்கு ஒன்றுமில்லை என்றாகிவிடும். ஆகவே ஏக்கருக்கு இன்ன பயிருக்கு இவ்வளவு தழைச்சத்து என்று மண் பரிசோதனைப்படி ஒரு அளவு வைத்து, அதற்குள் நிற்கும் எல்லோருக்கும் கொடுப்பதே நேர்மை. பட்டா இல்லாத குத்தகைதாரரும் அதில் வர வேண்டும், உரம் போடும் கை அவருடையது.

கிணற்று நீரில் நைட்ரேட் அளவு குறைந்தால்தான் பணம் என்பதும் சரிவராது என்றே நினைக்கிறேன். நிலத்தடி நீர் மாற ஆண்டுகள் பிடிக்கும். பக்கத்துக் கழிவறைக் குழியின் பழியும் விவசாயி தலையில் விழும். ஊராட்சிக் குடிநீர்க் கிணற்றைச் சுற்றியுள்ள காடுகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். சிறு, குறு விவசாயிக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது. அந்தக் குழாய் வழியாகவே உரத்தைச் சிறுகச் சிறுகக் கொடுத்தால் பயிர் எடுத்துக்கொள்ளும், கீழே இறங்குவது குறையும். பருவமழைக்கு முன் மேலுரத்தை நிறுத்திவைப்பதும், காட்டைச் சும்மா விடாமல் பசுந்தாள் விதைப்பதும் பெரிய செலவில்லாத வேலைகள். இவற்றைச் செய்ததற்குப் பணம், ஆண்டுதோறும் நீர்ப் பரிசோதனை என்று வைத்தால் போதும்.

இதற்கெல்லாம் முதல் அடி, தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் நைட்ரேட் பார்க்கிறார்கள், ஊராட்சிகளுக்குத் தரப்பட்ட கையடக்கப் பரிசோதனைப் பெட்டியிலும் பார்க்கலாம். மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தை ஒட்டி நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊர்க் கிணற்றின் நைட்ரேட் அளவு எவ்வளவு என்று அன்றைக்கு எழுந்து கேளுங்கள். 45-க்கு மேல் இருந்தால், அந்தக் கிணற்றைச் சுற்றி விவசாயம் செய்கிறவர்களுக்கு ஊக்கத்தொகை கேட்டு அங்கேயே தீர்மானம் போடுங்கள்.