ஒரு நாற்காலிக்குப் பின்னால் ஒரு வேலை

திங்கட்கிழமை தோறும் திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்பவர்கள், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மேசையை யார் பார்க்கிறார்கள்? ஆனால் ஊரின் பொருளாதாரத்தைச் சொல்ல அந்த மேசையே போதும்.

1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மாவட்டம் பிறந்தால் துறைக்கு ஓர் அலுவலகம்; அலுவலகத்துக்கு நாலு பீரோ; எழுத்தருக்கு ஒரு மேசை. 2024இல் நகராட்சி மாநகராட்சியானபோதும் அதே கணக்குதான். பசித்தவன் சோறு கேட்பதுபோல அலுவலக நாற்காலியை யாரும் தனக்காகக் கேட்பதில்லை. உட்கார ஆள் வந்தால்தான் நாற்காலி வரும். நாடு முழுவதும் அலுவலக மேசை நாற்காலிக்கான தேவை இந்த ஒரு நூலில்தான் ஓடுகிறது.

மெலியும் தகடு

பீரோ பட்டறை ஒன்றின் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தகட்டை வெட்டி, மடக்கி, ஸ்பாட் வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்துக் காய வைத்திருப்பார்கள். விவரம் தெரிந்தவர் கதவைத் திறந்து பார்க்கமாட்டார். விரலால் தட்டிப் பார்த்து, எத்தனை கேஜ் என்று கேட்பார். கேஜ் எண் கூடினால் தகடு மெல்லிசு. இரும்பு விலை ஏறும்போது 20 கேஜ் இருந்த இடத்தில் 22 கேஜ் வந்து உட்காரும். விலைச்சீட்டு மாறாமலே விலை ஏறுவது இப்படித்தான்.

2025 ஏப்ரலில் மத்திய அரசு, இறக்குமதியாகும் தட்டை எஃகுக்கு 12% தற்காலிகப் பாதுகாப்பு வரி விதித்தது. உருக்காலைகளுக்கு அது கவசம். தகடு வாங்கும் பட்டறைக்கு அது பாரம். அதே ஆண்டில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலிருந்து படிப்படியாக 5.25 ஆகக் குறைத்தது. வட்டி இறங்கினால் கடன் வாங்கிக் கிளை திறக்கும் நிதி நிறுவனமும், வரவேற்பறையைப் புதுப்பிக்கும் லாட்ஜும் துணிந்து இறங்கும். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தை நம்பி வாழும் இந்த ஊரில் பில் போடும் கவுன்டரும் சுழல் நாற்காலியும் இப்படித்தான் விற்கின்றன.

வரியும் மார்ச் மாதமும்

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மேசை நாற்காலிக்கு 28% வரி. நவம்பரில் அதை 18 ஆக இறக்கினார்கள். 10,000 ரூபாய் நாற்காலியில் 1,000 ரூபாய் மிச்சம். பதிவு பெற்ற நிறுவனம் கட்டிய வரியைப் பெரும்பாலும் கழித்துக்கொள்ளும். தொகுப்பு முறையில் வரி கட்டும் சிறு கடைக்காரருக்கு அந்த வழி கிடையாது; 1,800 ரூபாயும் அவர் கையிலிருந்துதான்.

வருமான வரியில் கணினிக்கு ஆண்டுக்கு 40% தேய்மானம் கழிக்கலாம். மேசை நாற்காலிக்கு 10% மட்டுமே. அதனால் பணம் முடையாகும்போது முதலில் தள்ளிப்போவது நாற்காலிதான். அரசு அலுவலகங்களிலோ ஒதுக்கிய நிதி மார்ச் 31க்குள் செலவாக வேண்டும். எனவே பங்குனி வெயிலில்தான் ஆர்டர்கள் ஓடி வருகின்றன.

பெரிய ஊரின் காற்று

2024 கணக்குப்படி இந்தியாவில் 1,700க்கும் மேற்பட்ட பன்னாட்டு நிறுவனத் திறன் மையங்களில் சுமார் 19 லட்சம் பேர் வேலை பார்க்கிறார்கள். பெங்களூரு, ஹைதராபாத், சென்னைக் கட்டடங்களில் மாடி மாடியாக நிறையும் வரிசை மேசைகள் இவர்களுக்கானவை. 2020இல் ஊரடங்கு வந்ததும் அந்த மாடிகள் வெறிச்சோடின. நாற்காலியின் தேவை வீட்டுக்கு இடம் மாறியது. இப்போது காற்று சிறு ஊர்ப் பக்கமும் திரும்புகிறது. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் 2024 பிப்ரவரியிலேயே மினி டைடல் என்னும் ஐ.டி. பூங்காவைத் திறந்துவிட்டார்கள்.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. வேலை நம் ஊருக்கு வந்தாலும், நாற்காலி செய்யும் வேலை வருமா? மேசை, வேலை நாற்காலி, அலமாரி ஆகியவற்றுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2025 பிப்ரவரியில் வெளியிட்டது. உட்காருபவரின் முதுகுக்கு அது நல்லது. ஆனால் சோதனைக் கூடத்துக்கும் கட்டணத்துக்கும் தனிப் பட்டறை எங்கே போகும்?

வழி இருக்கிறது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று விதியே உண்டு. மாவட்டத்துப் பட்டறைகள் ஒன்றுகூடித் தகடு வாங்கினால் விலை குறையும். ஒரே சோதனைக் கூடத்தைப் பகிர்ந்தால் முத்திரையும் எட்டும். அரசு தன் பெரிய ஆர்டரைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுத்தால் போதும். மீதியை அவர்கள் கை பார்த்துக்கொள்ளும்.

அடுத்த முறை மனுவோடு போகும்போது அந்த மேசையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். நம் ஊர்த் தகடாக இருந்தால், அதில் இரண்டு குடும்பத்தின் சோறு இருக்கிறது: அங்கே உட்கார்ந்திருப்பவருடையதும், அதைச் செய்தவருடையதும்.