ஓர் இரவு தங்க வந்த பெருமாள் திரும்பிவிட்டார்... வேலிக்காத்தான் மட்டும் கிளம்பவே இல்லை!

ஓரிக்கைக்குப் பெயர் வந்த கதை காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அத்துப்படி. பல்லவ மன்னன் கோபத்தில் கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சீடன் கிளம்பியதும் குரு திருமழிசை ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் கூப்பிட்டதும் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்துவிட்டாராம். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை'. அது தேய்ந்து ஓரிக்கை ஆனது. மன்னன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டதும் எல்லோரும் திரும்பிவிட்டார்கள்.

அதே ஊரின் பாலாற்றுப் பக்கம் போனால், திரும்பிப் போகாத இன்னொரு விருந்தாளியைப் பார்க்கலாம். வேலிக்காத்தான். தெற்கே சீமைக் கருவேலம் என்பார்கள். மகா பெரியவர் மணிமண்டபத்தைப் பார்க்க வருபவர்கள் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆறு என்றாலே மணலும் முள்ளும்தான் என்று நம் கண் பழகிவிட்டது.

இது நம் ஊர் மரமே இல்லை. தென் அமெரிக்கா, கரீபியன் தீவுகள் பக்கத்து மரம். அன்றைய சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம், 1876-ல் இதன் விதைகளைக் கேட்டு அரசுக்குக் கடிதம் எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் 1877-ல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டன. வறண்ட நிலத்துக்குப் பச்சை, ஏழை அடுப்புக்கு விறகு என்பதுதான் நோக்கம். ஜோத்பூர் சமஸ்தானம் 1940-ல் இதை 'அரச மரியாதை' பெற்ற மரமாகவே அறிவித்தது. வெட்டினால் குற்றம் என்ற காலமும் இருந்தது!

நம்முடைய நாட்டுக் கருவேலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாட்டு மரத்தின் பூ, மஞ்சள் பொட்டு மாதிரி உருண்டையாக இருக்கும். காய், மணி கோத்த மாலை போல இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமை மரத்தின் பூ விரல் நீளத்துக்குத் தொங்கும். காய் வழவழவென்று மஞ்சளாக, தின்றால் இனிக்கும். பெயர் ஒன்றுபோல இருப்பதால், சீமையை ஒழிக்கிறோம் என்று நாட்டு மரத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடும் ஆபத்து உண்டு.

அந்த இனிப்பில்தான் சூட்சுமம். ஆடும் மாடும் காயை விரும்பித் தின்னும். விதையின் ஓடு கெட்டி என்பதால் வயிற்றில் செரிக்காமல் வெளியே வரும். கூடவே சாணமும் புழுக்கையும் இலவச உரம். இலையை மட்டும் ஆடு தொடாது. ஆக, சுற்றியுள்ள மற்ற செடிகளையெல்லாம் மேய்ந்துவிட்டு, இதை மட்டும் விட்டுவைத்து, இதன் விதையையும் ஆடே விதைக்கிறது. போதாததற்கு, இதன் உதிர்ந்த இலையிலிருந்து கசியும் வேதிப்பொருட்கள் மற்ற விதைகளை முளைக்கவிடாமல் தடுக்கின்றன.

ஓரிக்கைக்குக் கீழே, பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுகிற திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ம் நூற்றாண்டில் அங்கே 15 படுக்கைகளோடு நடந்த ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. மருத்துவர், செவிலிப் பெண்களோடு, மூலிகை பறித்து விறகு கொண்டுவந்து மருந்து காய்ச்சுவதற்கென்றே இரண்டு பேருக்குச் சம்பளம் ஒதுக்கியிருக்கிறார்கள். மூலிகைக்காக அவர்கள் ஆற்றங்கரையைத் தாண்டி வெகுதூரம் போயிருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. இன்று அவர்கள் வந்தால் விறகு தாராளமாகக் கிடைக்கும். மூலிகைக்குத்தான் திண்டாட வேண்டும்.

இனி, வாட்ஸ்அப் செய்திகளுக்கு வருவோம். 'காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையையே விரட்டிவிடும்', 'இதன் காற்றுப் பட்டால் மாடு மலடாகும்' என்றெல்லாம் வருகின்றனவே? இவற்றுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. மற்ற மரங்களைப் போல இதுவும் வேரால் நீரை எடுத்து இலை வழியே காற்றில் விடுகிறது, அவ்வளவுதான்.

ஆனால், வேர் சங்கதி நிஜம். அமெரிக்காவின் அரிசோனாவில், சுரங்கம் தோண்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் உயிருள்ள வேர்களைக் கண்டார்கள். இதன் ஒன்றுவிட்ட சகோதர மரத்தின் வேர் அது என்று 1960-ல் பதிவானது. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், சீமைக் கருவேலம் ஒன்று நாளொன்றுக்குச் சராசரியாக 7 லிட்டர் அளவுக்கு நீரை வெளிவிடுவதாகக் கணக்கிட்டார்கள். 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். கோடைக்கு இலை உதிர்த்து ஓய்வெடுக்காமல் வருடம் முழுக்கக் குடிக்கிறது. லட்சக்கணக்கில் நெருக்கமாக நிற்கிறது என்பதுதான் பிரச்னை.

அதற்காக, பாலாறு வறண்டதற்கு இந்த மரமே காரணம் என்று பழி போட்டுவிட முடியாது. 348 கிலோமீட்டர் ஓடும் ஆறு; கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33 கடந்து, நம்மிடம் 222 கிலோமீட்டர். மேலே தேங்கும் நீர், அள்ளிய மணல், ஆழ்துளைக் கிணறுகள் எனக் காரணங்கள் பல. ஆற்றில் தண்ணீர் வராததால்தான் மரம் ஆற்றுக்குள் இறங்கியது என்பதே என் கட்சி. 2021 நவம்பரில் வெள்ளம் கரைபுரண்டபோது, நடு ஆற்றில் நின்ற புதர்கள் நீரின் வழியை மறித்தன. அப்போதுதான் பலருக்கு அவை கண்ணில் பட்டன.

கென்யாவில் இந்த மரம் கோர்ட் படியே ஏறியது. பாரிங்கோ பகுதியில் அரசும் வெளிநாட்டு உதவியும் சேர்ந்து நட்டது, சில பத்தாண்டுகளில் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவிட்டது. காயின் சர்க்கரை ஒட்டி ஒட்டி ஆடுகளின் பற்கள் கொட்டிப்போயின என்று மக்கள் வழக்குப் போட்டார்கள். சாட்சியாக பொக்கைவாய் ஆடு ஒன்றை நீதிமன்றத்துக்கே கூட்டிவந்தார்கள்! அதேநேரம், பெருநாட்டில் இதே குடும்பத்து மரத்தின் காயைக் காய்ச்சி, தேன்பாகு போலச் செய்து குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். மரம் கெட்டதல்ல, இடம் மாறியதுதான் கோளாறு.

நம் ஊரிலும் கதை கோர்ட் வரை போனது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இவற்றை அகற்ற உத்தரவிட்டது. அறிவியல்பூர்வமாக ஆராயாமல் வெட்டலாமா என்ற கேள்வி எழுந்து, அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது.

தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கேஸ் விலை ஏறும்போதெல்லாம் கிராமத்து அடுப்புக்கு இந்த முள்தான் கைகொடுக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போட்டே பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம். மரத்தை எடுக்கும் திட்டத்தில் அவர்களுக்கு மாற்று வழியும் இருந்தாக வேண்டும்.

வெட்டுகிற முறையும் முக்கியம். இடுப்பளவில் வெட்டிவிட்டுப் போனால், ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு கிளம்பும். மண்ணுக்குக் கீழே ஒரு முழம் வரையாவது தோண்டி, அடிக்கட்டையோடு எடுக்க வேண்டும். மழைக்கு முன்பு ஜேசிபி வைத்துக் கரையைப் பிராண்டிப்போட்டால், வெள்ளத்தில் கரையே போய்விடும். எடுத்த இடத்தை வெறுமனே விட்டாலும் ஆபத்து. வெயில் பட்டதும் மண்ணில் தூங்கிக்கிடக்கும் விதைகள் எழுந்துவிடும். கையோடு கரையில் மருது, புங்கன், நொச்சி, வெட்டிவேர். ஏரி வரப்பில் பனை என்று நட்டு, அவை நிழல் கட்டும் வரை இரண்டு மூன்று வருடம் காவல் இருக்க வேண்டும்.

அந்தக் காவல் வேலைக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில், புதிதாக முளைத்த கன்றுகள் ஒரு சாண் உயரம்தான் இருக்கும். மண் ஈரமாக இருக்கும்போது பிடித்து இழுத்தால் வேரோடு கையில் வந்துவிடும். அடுத்த தைக்குள் அதற்கு முள் முற்றிவிடும். கடப்பாரை இல்லாமல் கிட்டே போக முடியாது.