குலுங்கும் உடல், அசையாத குழல்

1970-களின் நடுவில் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம், ஷெர்மன், லெப்பர்ட் டாங்கிகளை 1/16 அளவில் ரேடியோவால் இயங்கும் மாதிரிகளாகக் கொண்டுவந்தது. அன்று அவை சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து, சொன்ன பக்கம் திரும்பியதே அதிசயமாக இருந்தது. பீரங்கிக் குழல் எங்கே பார்க்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வண்டி மேட்டில் ஏறினால் குழல் வானத்தைப் பார்க்கும். பள்ளத்தில் இறங்கினால் மண்ணைப் பார்க்கும். உடலோடு ஒட்டிய உறுப்புதானே என்று விட்டுவிட்டார்கள்.

1990-களின் இறுதியில் அதே நிறுவனம் இஞ்சின் உறுமல், விளக்கு, சுடும்போது பளிச்சிடும் ஒளி, பின்னுதைக்கும் குழல் எல்லாவற்றையும் மாதிரிக்குள் சேர்த்தது. அதன்பின் சீனத்தின் ஹெங் லாங் நிறுவனம் குறைந்த விலையில் டாங்கிகளை உலகெங்கும் அனுப்ப, இந்தப் பொழுதுபோக்கு பரவலானது. ஆர்வலர்களின் உழைப்பெல்லாம் உருவத்தில் போனது. பற்றவைத்த தழும்பு சரியா, ஆணித்தலைகள் எத்தனை, அந்த ஆண்டின் பச்சை இதுதானா என்று மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அப்படிச் செய்த லெப்பர்ட் 2 கரடுமுரடான தரையில் ஓடும்போதுதான் குறை தெரிந்தது. குழல் தலையாட்டிக்கொண்டே போனது. அசல் லெப்பர்ட் 2 ஒருபோதும் செய்யாத காரியம் அது.

1979 முதல் ஜெர்மன் படைக்கு வந்த அந்த வண்டி 50 டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதன் குழல் முனையில் நிரம்பிய பீர் கோப்பையை வைத்து மேடுபள்ளத்தில் ஓட்டிக் காட்டுவார்கள், கோப்பை விழாது. கரகம் ஆடுபவரின் உடல் எவ்வளவு வளைந்தாலும் தலைமேல் குடம் நிலையாக நிற்பதுபோல், கீழே வண்டி துள்ள, மேலே குழல் குறியை விடாமல் நிற்கும். இந்தத் திறமை ஒரே நாளில் வந்ததல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டாங்கி குறிபார்த்துச் சுட வேண்டுமானால் பெரும்பாலும் நின்றாக வேண்டும். நின்ற டாங்கி எதிரிக்கு எளிய இலக்கு. அமெரிக்க ஷெர்மனில் சுழற்சியை உணரும் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் கைரோ கருவி இருந்தது. அது குழலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கவனித்தது. அதைச் சரிசெய்து வைக்கவும் பழகவும் பொறுமை தேவைப்பட்டதால் பல குழுவினர் அணைத்தே வைத்திருந்தார்கள். போருக்குப் பின் பிரிட்டனின் செஞ்சூரியன் மார்க் 3 மேல் கீழ், இட வலம் என இரு திசையிலும் குழலை நிலைநிறுத்தியது. சோவியத் டி-54ஏ மேல் கீழ் திசையை மட்டும் பார்த்துக்கொண்டது. அடுத்து வந்த டி-54பி இரு திசைகளையும் பார்த்துக்கொண்டது. லெப்பர்ட் 1 முதலில் இந்த வசதி இல்லாமலேயே வந்து, 1970-களின் தொடக்கத்தில்தான் அதைப் பெற்றது.

மாதிரி டாங்கிக்கு இந்த அறிவு வானத்திலிருந்து வந்தது. ரேடியோ ஹெலிகாப்டர்கள் வால் சுற்றிச் சுழன்று விழுவதைத் தடுக்க, குட்டி மோட்டாரால் சக்கரத்தைச் சுழற்றும் இயந்திரக் கைரோவை ஒருகாலத்தில் பொருத்தினார்கள். அது கனமாக இருந்தது, மின்கலத்தையும் விழுங்கியது. பிறகு அதிரும் பீங்கான் துண்டால் சுழற்சியை உணரும் பீசோ கைரோ வந்தது. அதையடுத்து சிலிக்கானில் செதுக்கிய கைரோ வந்தது. செல்போனும் டிரோனும் இந்தச் சிலிக்கான் கைரோவைக் கோடிக்கணக்கில் கேட்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. எம்பியு-6050 என்ற சில்லு 4 மில்லிமீட்டர் சதுரம்தான். மூன்று அச்சுகளில் சுழற்சியை அளக்கும் கைரோவும், மூன்று அச்சுகளில் முடுக்கத்தை அளக்கும் கருவியும் அதற்குள் இருக்கின்றன. அன்று ஒரு படையின் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் எட்டிய வேலையை இன்று பள்ளி மாணவர் தன் மேசையில் செய்து பார்க்கலாம்.

வேலை செய்யும் விதம் எளிது. வண்டியின் மூக்கு மேலே எழும்பினால், எவ்வளவு வேகத்தில் எழும்புகிறது என்று கைரோ சொல்லும். சிறு கணிப்பொறி அதே அளவுக்குக் குழலைத் தாழ்த்தும்படி, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டாருக்குக் கட்டளை தரும். இதை விநாடிக்குப் பல நூறு முறை செய்ய வேண்டும். பழைய அனலாக் சர்வோ விநாடிக்குச் சுமார் 50 முறைதான் கட்டளை கேட்கும். அதனால் இங்கே டிஜிட்டல் சர்வோ வேண்டும். கைரோவை மட்டும் நம்பினால் சிறு பிழைகள் சேர்ந்து குழல் மெல்ல நகர்ந்துவிடும். முடுக்க அளவியை மட்டும் நம்பினால், வண்டி திடீரென வேகமெடுப்பதைச் சரிவு என்று எண்ணி ஏமாறும். இரண்டையும் கலந்து பார்ப்பதே நல்ல நிரல்.

உணர்கருவியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வண்டியின் அடிப்பாகத்தில் வைத்தால், குழல் முன்னே பார்க்கும்வரை எல்லாம் சரி. சுழலும் மேற்கூடான டரட் முழுக்கப் பின்னால் திரும்பியதும் கணக்கு தலைகீழாகும். தாழ்த்த வேண்டிய குழலை உயர்த்தும். டரட் பக்கவாட்டில் திரும்பினால் வண்டியின் முன்பின் ஆட்டம் குழலுக்குப் புரள்வாக மாறிவிடும். ஆகவே கைரோ டரட்டுக்குள் அல்லது குழலோடு சேர்ந்து அசையும் தாங்கியில் இருக்க வேண்டும். கியரும் சங்கிலிப் பட்டையும் தரும் அதிர்வு அதை எட்டாமலிருக்க, பஞ்சு வைத்த இருபக்க ஒட்டுநாடா போதும்.

மின்னணுப் பலகை வாங்கிப் பொருத்தினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இயந்திரப் பகுதி பாடம் நடத்தும். பழைய மலிவு டாங்கிகளில் குழலை ஏற்றி இறக்குவது ஒரே திசையில் சுற்றும் குட்டி மோட்டார். அதை எடுத்துவிட்டு சர்வோ வைத்தே ஆக வேண்டும். அலுமினியக் குழல் முன்பக்கம் கனக்கும். பின்னால் எடை சேர்த்துச் சமன் செய்யாவிட்டால் சர்வோ ஓயாமல் முனகும். இணைப்புக் கம்பியில் அரை மில்லிமீட்டர் தளர்ச்சி இருந்தாலும் குழல் முனையில் அது நடுக்கமாகத் தெரியும். உணர்திறனை அளவுக்கு மீறிக் கூட்டினால் குழல் தானே மேலும் கீழும் ஆடத் தொடங்கும். இட வல நிலைப்பாடு இன்னும் கடினம். டரட்டைச் சுழற்றும் மோட்டார் குறைந்த மின்னழுத்தத்தில் அசையாது, அசையும்போது குதித்துவிடும். அதனால் மேல் கீழ் திசையோடு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம்.

இதற்கெல்லாம் மேல் இயற்பியல் ஒரு சவால் வைக்கிறது. மாதிரியைப் பதினாறில் ஒன்றாகச் சுருக்கலாம். புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. ஊசல் சிறிதானால் வேகமாக ஆடுகிறது. அதே விதிப்படி 1/16 டாங்கி அசலைவிடச் சுமார் நான்கு மடங்கு விரைவாகத் தலையாட்டும். பல டன் பீரங்கியின் ஜடத்துவமும் இங்கே துணைக்கு இல்லை. அந்த விதத்தில் மாதிரிக் கருவி அசலைவிடத் துரிதமாக இருந்தாக வேண்டும். இதைத் தன் கையால் சாதித்தவர் விளையாட்டுப் பொருளை மட்டும் செய்யவில்லை. கட்டுப்பாட்டுப் பொறியியலையே கற்றுத் தேறுகிறார்.

இன்று பல ஆயத்தப் பலகைகளில் இந்த வசதி உள்ளேயே வந்துவிடுகிறது. எளிதாகக் கிடைப்பதால், எல்லா டாங்கியிலும் பொருத்திவிடும் ஆசை வருகிறது. இங்கேதான் நிதானம் வேண்டும். போர்க்கால ஜெர்மன் டைகரிலோ பாந்தரிலோ சோவியத் டி-34இலோ பீரங்கி நிலைப்படுத்தி கிடையாது. அவற்றின் மாதிரியில் குழல் அசையாமல் நின்றால், தவறான நிறம் பூசியதைவிடப் பெரிய வரலாற்றுப் பிழை அது. ஷெர்மனுக்கு மேல் கீழ் மட்டும். செஞ்சூரியன் மார்க் 3-க்கு இரு திசையும். சென்னைக்கு அருகே ஆவடியில் தயாரான டி-72 அஜேயா இன்னும் நுட்பமானது. ஒரு குண்டு சுட்டதும் அதன் குழல் குறித்த கோணத்துக்கு உயர்ந்து, தானியங்கிக் கருவி அடுத்த குண்டைத் திணிக்கும்வரை அங்கேயே நிற்கும். பிறகுதான் குறிக்குத் திரும்பும். இதையும் நிரலில் எழுதிவிட்டால், வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பது வெளியே நின்று பார்ப்பவருக்கும் புரியும்.

அன்று மாதிரி என்றால் தோற்றம். இன்று நடத்தையும் சேர்ந்துவிட்டது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். குழல் ஏன் அசையாமல் நிற்கிறது என்று கேட்கும் சிறுவனுக்கு நியூட்டனையும் சொல்லலாம். நின்றால் சாவு என்ற நிலையில் ஓடிக்கொண்டே சுட வழி தேடிய மனிதர்களையும் சொல்லலாம். ஆகவே கைரோ வாங்கும் முன் அந்த டாங்கியின் ஆண்டையும் வகையையும் படியுங்கள். அது அசலில் எதைச் செய்ததோ அதை மாதிரியும் செய்யட்டும். எதைச் செய்ய முடியாமல் தவித்ததோ, அந்தத் தவிப்பும் மாதிரியில் தெரியட்டும்.