ஏடிஎம் கார்டை விட மெல்லிய மரம்: வீட்டு ஷெட்டில் பேனா கடையப் போறீங்களா?

‘கடைந்தெடுத்த அயோக்கியன்’ என்று ஒருவரைத் திட்டுகிறோம். பாவம், அந்தச் சொல்லுக்கு உரிய வேலை ரொம்ப மரியாதையானது. மோர் கடைவது, கீரை கடைவது, மரம் கடைவது மூன்றுக்கும் தமிழில் ஒரே வினைச்சொல்தான். மத்தில் கயிற்றைச் சுற்றி இப்படியும் அப்படியும் இழுப்பது போலத்தான் மின்சாரம் வராத காலத்தில் மரமும் கடைந்தார்கள். ஒருவர் கயிற்றை இழுப்பார், இன்னொருவர் உளியைப் பிடிப்பார். இன்று அந்தக் கயிற்றின் இடத்தில் அரை குதிரைத்திறன் மோட்டார் இருக்கிறது. மேஜை மேல் வைக்கிற அளவுக்கு ஒரு மினி லேத், வீட்டுப் பின்பக்கம் ஒரு தகர ஷெட், கையில் யூடியூப். ஒரு மரப் பேனா செய்ய இது போதாதா என்று தோன்றும்.

தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் உட்கார்ந்து யோசித்தால் இந்த ஆசை இன்னும் நியாயமாகவே தெரியும். பக்கத்தில் முல்லைப் பெரியாறு. கம்பம் வரைக்கும் தென்னை, மா, புளி. மலையேறினால் காபியும் தேயிலையும் ஏலமும். மரத்துக்குப் பஞ்சமே இல்லை. பேனாவுக்கு வேண்டியதோ கட்டைவிரல் தடிமனில், ஒரு சாண்கூட நீளமில்லாத ஒரு துண்டு. அடுப்புக்குப் போகிற கட்டையில் இருந்தே எடுத்துவிடலாம்.

முதல் பேனா கண்டிப்பா வந்துடும். நண்பருக்குப் பரிசாகவும் கொடுத்துவிடுவீர்கள். மூன்று மாதம் கழித்து அவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவார்: பேனாவில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பு ஏன் வருகிறது என்று புரிந்தால் இந்த வேலையில் பாதி புரிந்த மாதிரி.

உள்ளே பித்தளை, வெளியே மரச் சட்டை

மரப் பேனா என்று நாம் சொல்வதில் மரம் எவ்வளவு இருக்கிறது? தொடக்கநிலையில் எல்லாரும் செய்வது ‘ஸ்லிம்லைன்’ எனும் மெல்லிய பால்பாயின்ட் பேனா. இதற்கான உலோக பாகங்கள் ‘கிட்’ ஆகக் கிடைக்கின்றன. இரண்டு பித்தளைக் குழாய்கள், முனை, திருகினால் ரீஃபிலை வெளியே தள்ளும் பகுதி, நடுவளையம், கிளிப், மேல் மூடி, அவ்வளவுதான்.

சுமார் 20 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு கட்டையை எடுத்து இரண்டாக அறுப்பீர்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் 7 மில்லிமீட்டர் துளை. குழாயின் வெளிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அரால்டைட் மாதிரியான இருகூட்டுப் பசை தடவி, துளைக்குள் செருகி ஒரு ராத்திரி விட வேண்டும். மறுநாள் கட்டையின் இரு முனைகளையும் குழாயின் விளிம்போடு சமமாகச் சீவி, ‘மாண்ட்ரல்’ என்ற மெல்லிய எஃகுக் கம்பியில் கோத்து லேத்தில் மாட்டுவீர்கள். இருபுறமும் ‘புஷ்’ எனும் சின்ன உலோக வளையங்கள் இருக்கும். மரம் அந்த வளையத்தின் அளவுக்கு இறங்கினால்தான் உலோக பாகத்தோடு மரம் ஒட்டினாற்போல் சேரும்.

அந்த அளவு சுமார் 8.4 மில்லிமீட்டர். உள்ளே குழாய்க்கு 7 போய்விட்டது. மிச்சம் 1.4, அதையும் இரண்டு பக்கமாகப் பிரித்தால் 0.7 மில்லிமீட்டர். உங்கள் பர்ஸில் இருக்கும் ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76. அதாவது, பேனாவின் முனையில் மரம் ஏடிஎம் கார்டை விட மெல்லியது! நீங்கள் எடுத்த கட்டையில் அந்த இடத்தில் தங்குவது நூற்றுக்கு நான்கு பங்கு. நடுவில் கொஞ்சம் புடைப்பாக விட்டாலும் பத்துப் பங்கைத் தாண்டாது. மீதி எல்லாம் ஷெட்டின் தரையில், கொஞ்சம் உங்கள் மூக்கில். அந்த மூக்கு விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

வெடிப்பு எங்கிருந்து வருகிறது?

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். பட்டாவை நெருப்பில் காய்ச்சினால் விரியும். சூட்டோடு மரச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். பேனாவில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. இங்கே பட்டா மரம், சக்கரம் பித்தளை. மரத்தில் ஈரம் குறையக் குறைய அது சுருங்கும். நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. குறுக்கே, அதிலும் வளையங்களின் போக்கில்தான் அதிகம் சுருங்கும். உள்ளே இருக்கும் பித்தளை இம்மியும் விட்டுக்கொடுக்காது. இரும்புப் பட்டா அந்த இழுவையைத் தாங்கும். முக்கால் மில்லிமீட்டர் மரம் தாங்குமா? நாரும் நாரும் சேரும் இடம் பார்த்துப் பிளந்துவிடும்.

இதில் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் கணக்கு மாறும். ஐப்பசி மழையில் ஷெட்டில் கிடந்த கட்டை காற்றில் இருந்து ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். அதைக் கடைந்து, பளபளப்பாக்கி, பெங்களூரு ஐடி அலுவலகத்தில் இருக்கும் தம்பிக்கு அனுப்புகிறீர்கள். அங்கே நாள் முழுக்க ஏசி. மரம் அங்கே போய்த்தான் முழுசா காயுது. வெடிப்பு அங்கே தெரிந்தாலும் தவறு இங்கே நடந்தது.

தீர்வுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். கட்டையைப் பேனா அளவுக்கு அறுத்து, இரு முனைகளிலும் மெழுகு அல்லது பெயின்ட் பூசுங்கள். மரம் முனை வழியாகத்தான் வேகமாக ஈரத்தை விடும். முனை மட்டும் முந்திக் காய்ந்தால் அங்கேயே பிளக்கும். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் அடுக்கி, வாரம் ஒருமுறை எடை போட்டு, கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். எடை இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும். தொடர்ந்து சில வாரம் அதே எடை என்றால் அந்த ஊர்க் காற்றோடு மரம் சமாதானமாகிவிட்டது என்று அர்த்தம். பலகைக்கு ‘ஒரு அங்குலத்துக்கு ஒரு வருடம்’ என்பது பழைய கணக்கு. சின்ன துண்டுக்கு அவ்வளவு ஆகாது. ஆனால் பச்சை மரமாக இருந்தால் சில மாதங்களாவது பிடிக்கும். வெயிலில் போட்டு அவசரப்படுத்த வேண்டாம். அதனால்தான், லேத் ஆர்டர் போடுவதற்கு முன்னால் கட்டையைக் காயப் போடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. லேத் ஒரு வாரத்தில் வந்துவிடும், மரம் வராது.

துளை போடும்போதும் கவனம் தேவை. ஒரே மூச்சில் துளையை இறக்கினால் பிட் சூடாகி உள்ளே நுண்வெடிப்பு விழும். கொஞ்சம் இறக்கி, வெளியே எடுத்து, தூளைத் தட்டிவிட்டு மறுபடி இறக்க வேண்டும்.

எந்த மரம் எடுக்கலாம்?

தச்சர்கள் ‘வைரம் பாய்ஞ்ச கட்டை’ என்பார்கள். மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டியான பகுதி அது. புளிய மரத்தில் வைரம் கருஞ்சிவப்பாக இருக்கும், உளிக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆனால் மழையில் கிடந்து பூஞ்சை ஏறிய புளியங்கட்டையை எறிந்துவிடாதீர்கள். பூஞ்சைகள் தங்கள் எல்லையைப் பிரித்துக்கொள்ளும் இடத்தில் மை பேனாவால் வரைந்தது போலக் கறுப்புக் கோடுகள் விழும். கடைசல்காரர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள். கட்டை உளுத்துப் போகாமல் கெட்டியாக இருந்தால் சரி. மலைத் தோட்டங்களில் பிடுங்கிப் போடும் பழைய காபிச் செடியின் தண்டும் கடைசலுக்கு நல்லது. நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் நடுகிற சில்வர் ஓக்கைச் சரியான கோணத்தில் அறுத்தால் மீன் செதில் மாதிரி மினுமினுக்கும். முற்றிய தென்னையில் வெளிப்பக்கத்துக் கருநார்ப் பகுதிதான் உதவும், உள்பக்கம் பஞ்சு.

சாலையோரப் புளியமரத்தில் ஒடிந்த கிளையைத் தூக்கி வரலாமா? கூடாது, அது அரசுச் சொத்து. சந்தனத்தின் பக்கம் போகவே வேண்டாம். ஈட்டி எனப்படும் தோதகத்திக்கென்றே தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டம் வந்தது. ஈட்டி சேர்ந்த மரக் குடும்பம் 2017 ஜனவரியில் இருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. வெளிநாட்டு ஆர்டர் என்று ஆசைப்படுகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். கருங்காலிக்கு இப்போது இருக்கும் மவுசில், சாயம் ஏற்றிய வேறு கட்டையும் அந்தப் பெயரில் வந்துவிடுகிறது. ரசீது இல்லாத கட்டையை வாங்காமல் இருப்பதே நிம்மதி.

லுங்கி, துப்பட்டா, மணிக்கட்டுக் கயிறு

நம் ஊர் லேத் பட்டறைகளில் பெரும்பாலும் இரும்பு கடைகிறார்கள். அங்கே வெட்டும் உளியை இயந்திரம் பிடித்திருக்கும். மரம் கடைகிற லேத்தில் உளியைப் பிடித்திருப்பது உங்கள் கை. எதிரே நிமிடத்துக்கு 2,000 முதல் 3,000 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு நாற்பது தடவை சுற்றுகிற கட்டை. லுங்கி, தோளில் துண்டு, துப்பட்டா, முழுக்கைச் சட்டையின் நுனி, அவிழ்த்த கூந்தல், கோயிலில் கட்டிய கறுப்புக் கயிறு, கழுத்துச் செயின், அலுவலக ஐடி கார்டு: இவற்றில் எது மாட்டினாலும் மோட்டார் நிற்காது, நீங்கள்தான் உள்ளே போவீர்கள். கையுறையும் கூடாது. பலருக்கு இது நேர்மாறாகத் தோன்றும், ஆனால் கையுறை மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். முகம் முழுக்க மறைக்கும் கவசம் வேண்டும். சுவிட்சைப் போடும் நொடியில் கட்டைக்கு நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

உளி மழுங்கினால் தொடக்கக்காரர் செய்வது, இன்னும் கொஞ்சம் அழுத்துவது. அப்போதுதான் உளி ‘லபக்’கென்று மாட்டி மரம் சிதறும். உளியின் சாய்வுப் பகுதி முதலில் மரத்தில் உரச வேண்டும். பிறகு பிடியை மெல்லத் தூக்கினால் கூர் தானாக வெட்ட ஆரம்பிக்கும். தீட்டக் கற்றுக்கொள்வதுதான் கடையக் கற்றுக்கொள்வது.

இப்போது அந்த மூக்கு. உப்புத்தாள் போடும்போது பறப்பது கண்ணுக்குத் தெரியாத தூள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியவற்றின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. வாரக்கடைசியில் ஒரு பேனா செய்கிறவருக்கும் தினமும் எட்டு மணி நேரம் தூளில் நிற்கிற தொழிலாளிக்கும் ஆபத்து ஒன்றல்ல. ஆனாலும் என்95 மாஸ்க், திறந்த கதவு, முதுகுப்பக்கம் இருந்து வெளியே தள்ளும் ஒரு ஃபேன் இல்லாமல் தேய்க்காதீர்கள். தேனிப் பக்கம் ஆடியில் அடிக்கிற காற்றுக்குக் கதவைத் திறந்தாலே பாதி வேலை முடிந்தது.

பளபளப்புக்கு வெளிநாட்டு வீடியோக்களில் சூப்பர் குளூவையே பாலிஷாகப் பூசுவார்கள். கண்ணாடி மாதிரி வரும், உண்மைதான். ஆனால் அந்தப் பசை பருத்தித் துணியில் பட்டால் கொதித்துப் புகையும், தோல் வெந்துவிடும். பழைய பனியன் துணியால் பூசவே பூசாதீர்கள், டிஷ்யூ காகிதம்தான். எனக்குக் கேட்டால், அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் செய்கிறவர்களின் வழியே மேல். சுற்றுகிற மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசல் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும். கர்நாடகத்தின் சென்னப்பட்டணத்திலும் இதே முறைதான், கடைசியில் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். சூப்பர் குளூவின் காரநெடி இதில் இல்லை.

விற்கலாமா?

பேனா கடைவது நமக்குப் புதுசு இல்லை. முழுக்க உள்நாட்டில் செய்த பேனாவுக்காக, ராஜமுந்திரியைச் சேர்ந்த கே.வி. ரத்னத்துக்கு காந்தி 1935 ஜூலையில் கடிதம் எழுதினார். திருவள்ளூரில் ரங்கா பேனாக்களை இன்றும் கையால் கடைகிறார்கள், உலகம் முழுக்க வாங்குகிறார்கள். ஆனால் அந்த ஃபவுன்டன் பேனாக்களின் முக்கியமான பொருள் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். அது மரம் போல ஈரத்துக்கு ஊதிச் சுருங்காது, அதிலேயே மரை போடலாம், மையும் ஊறாது. மரத்துக்கு அந்த வசதி இல்லாததால்தான் பித்தளைக் குழாய். அந்தக் குழாயும் கிட்டும் பெரும்பாலும் சீனாவில் இருந்தோ தைவானில் இருந்தோ வருகின்றன. மரம் மட்டும் தேனி. காந்தி இருந்தால் இதை மேலும் கீழும் பார்த்திருப்பார்.

கணக்கு போடும்போது மரத்துக்கு விலை வைக்காதீர்கள், அது ஒன்றுமே இல்லை. கிட், பசை, உப்புத்தாள், பாதியில் சிதறும் கட்டைகள், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் நேரம், இதைத்தான் கூட்ட வேண்டும். கைப்பழக்கம் வந்தவர் ஒரு மணி நேரத்துக்குள் கடைவதற்கு உங்களுக்கு முதலில் அரை நாள் ஆகும். முதல் இருபது பேனாக்களைப் பயிற்சிச் செலவாக எழுதிவிடுங்கள். அதைவிடச் சிக்கனமான வழி, கட்டில் காலும் பூரிக்கட்டையும் கடைகிற பட்டறை ஏதாவது பக்கத்தில் இருந்தால், “அண்ணே, ஒரு நாள் கூட நின்னு பாத்துக்கிறேன்” என்று கேட்பது. உளியைத் தீட்டுவதை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும் லாபம்.

கிட் வாங்கும்போது கடைசியாக ஒன்று. ஸ்லிம்லைன் பேனாவுக்கு ‘கிராஸ்’ வகை ரீஃபில்தான் போகும், சின்ன ஊர்க் கடைகளில் அதைத் தேட வேண்டியிருக்கும். ‘பார்க்கர்’ வகை ரீஃபில் போடுகிற கிட்டாக எடுத்தால், மை தீர்ந்ததும் வாங்கினவர் உங்களுக்கு போன் செய்ய மாட்டார், பக்கத்துக் கடையிலேயே வாங்கிக்கொள்வார்.