தந்தையார் காலத்து வண்டி: பழைய எண்ணை விடாமல் பதிவு செய்வது எப்படி?

நம் சங்க உறுப்பினர்கள் பலருடைய கிடங்கில், மூட்டை அடுக்குகளுக்குப் பின்னால், தார்ப்பாய் போர்த்திய வண்டி ஒன்று நின்றுகொண்டிருக்கும். அம்பாசடராக இருக்கலாம், ஸ்டாண்டர்டு ஹெரால்டாக இருக்கலாம், தந்தையார் வசூலுக்குப் போய்வந்த புல்லட்டாக இருக்கலாம். ஓடாத வண்டி இடத்தை அடைக்கிறதே என்று விற்கவும் மனம் வராது. ஓட்டவும் வழி தெரியாது. இதற்கு முக்கியக் காரணம் அந்த எண். "புதுப்பிக்கப் போனால் பழைய நம்பரைப் பிடுங்கிக்கொண்டு புது நம்பர் கொடுத்துவிடுவார்கள்" என்ற பயத்திலேயே பலர் வண்டியைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பயம் தவறானது. முறைப்படி புதுப்பித்தால் எண் போகாது. சும்மா போட்டு வைத்திருந்தால்தான் போகும். இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். மற்றவர்களும் படவேண்டாம் என்பதற்காகவே இக்கட்டுரை.

பழைய எண் என்றால் என்ன?

1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வண்டிகளுக்கு மூன்று எழுத்தும் அதையடுத்து எண்ணும் தரப்பட்டன. நம் மாநிலம் சென்னை மாகாணமாகவும் சென்னை ராஜ்யமாகவும் இருந்தபோது எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கும் எழுத்துகள். தமிழ்நாடு என்று பெயர் மாறிய பின் 'டி'யில் தொடங்கும் எழுத்துகள். எம்.ஜி.ஆர். அவர்களின் அம்பாசடர் டி.எம்.எக்ஸ். 4777 என்பதை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1-7-1989 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் மாநிலக் குறியீடும் அலுவலக எண்ணும் சேர்ந்த டி.என். வரிசை வந்தது. ஆனால் முன்பே கொடுத்த எண்களை அரசு ரத்து செய்துவிடவில்லை. பதிவு உயிரோடு இருக்கும் வரை அந்த எண்ணும் செல்லும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சட்டம் காப்பாற்றுவது எண்ணைத்தான். எண் எழுதிய தகட்டை அல்ல. அக்காலத்தில் சொந்த வண்டிக்குக் கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து இருந்தது. இன்று சொந்த வண்டிக்கு வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து என்பதே விதி. தந்தையார் எழுதி வைத்த தகட்டைக் கழற்றிக் கடையில் மாட்டி வைத்துக்கொள்ளலாம். சாலையில் இறங்கும் வண்டியில் இன்றைய விதிப்படியான தகடுதான் இருக்க வேண்டும்.

எங்கள் வண்டியின் கதை

எங்கள் அம்பாசடர் 1967-இல் வாங்கியது. வாங்கியது தந்தையார், பதிவானது எங்கள் கூட்டு நிறுவனத்தின் பெயரில். 1983-இல் பெட்ரோல் செலவு தாளாமல் டீசல் எஞ்சின் போட்டார். அக்காலத்தில் நம்மவர் பலரும் அப்படித்தான் செய்தார்கள். தந்தையார் அதை ஆர்.சி. புத்தகத்தில் முறையாக ஏற்றிவிட்டார். 1991-இல் நிறுவனம் கலைந்து புதுப் பங்குதாரர்களுடன் மாறியது. 1996-இல் தந்தையார் காலமானார். பாகப்பிரிவினையில் கடை, கிடங்கு, வீடு, பாத்திரம் வரை எழுதினோம். கார் மட்டும் எவர் கணக்கிலும் இல்லை. ஏடுகளில் தேய்மானம் கழித்துக் கழித்து அதன் மதிப்பு ஏதுமில்லாமல் போயிருந்தது. அதனால் எங்கள் கண்ணிலும் படவில்லை. 2003-இல் ஒருமுறை புதுப்பித்தோம். 2008-இல் காலாவதியானதைக் கவனிக்கவில்லை.

2021-இல் ஒருவர் கடைக்கு வந்தார். வண்டி வேண்டாம், ஆர்.சி. புத்தகமும் எண்ணும் மட்டும் போதும், ரொக்கமாக நல்ல விலை தருகிறேன் என்றார். உடைசலாகக் கிடக்கும் காரை விட்டுவிட்டுப் புத்தகத்துக்கு மட்டும் ஏன் விலை? வணிகத்தில் பழகிய எவருக்கும் இக்கேள்வி எழும். விசாரித்தபோது விஷயம் விளங்கியது. எங்கிருந்தோ வந்த வேறு வண்டிக்கு எங்கள் எண்ணையும் எங்கள் புத்தகத்தையும் பொருத்திவிடுவார்கள். அந்த வண்டி ஒருவர்மேல் ஏறினால் நீதிமன்ற ஓலை எங்கள் வாசலுக்கு வரும். பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஒரு வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. வந்தவரை அனுப்பிவிட்டு அன்றே புத்தகத்தைப் பெட்டகத்தில் வைத்தோம். மறுவாரமே பதிவு வேலையையும் தொடங்கினோம்.

அப்போது ஒரு தரகர் வேறு யோசனை சொன்னார். "பழைய புத்தகம் தொல்லை சார். புதுப் பதிவாகப் போட்டுவிடுங்கள், சுலபமாக முடியும்" என்றார். அவருக்குச் சுலபம்தான். அதற்குத் தலையாட்டியிருந்தால் எண் அன்றே போயிருக்கும்.

வழிகள் இரண்டு

ஏற்கெனவே பதிவான பழைய வண்டிக்கு எண்ணைக் காக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, சாதாரணப் புதுப்பிப்பு. சொந்த வண்டியின் பதிவு முதல் 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிவம் 25. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார். இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, நிலுவை வரி, பசுமை வரி எல்லாம் நேராக இருக்க வேண்டும். இவ்வழியில் எண் மாறாது. வண்டியையும் மற்ற வண்டிகளைப் போலவே தினமும் ஓட்டலாம்.

இரண்டாம் வழி, 'விண்டேஜ்' பதிவு. மத்திய அரசு 2021 ஜூலையில் இதற்கெனத் தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்திலுள்ள இரு சக்கர வண்டிகளும் கார்களும் இதில் வரும். சரக்கு லாரி, வேன் வராது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. விண்ணப்பம் படிவம் 20-இல். பழைய ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும் இணைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வண்டியானால் சுங்க ரசீதும் வேண்டும். குழு ஒன்று வண்டியைப் பார்வையிட்டுத் தகுதி சொல்லும். 60 நாளில் படிவம் 23-ஏ சான்று தர வேண்டும் என்பது விதி. சான்று 10 ஆண்டு செல்லும்.

எண்ணைப் பொறுத்து இவ்விதி தெளிவாகவே இருக்கிறது. ஏற்கெனவே பதிவான வண்டி தன் அசல் எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் மாநில எழுத்தையடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் சேர்ந்த தனி வரிசை எண் தரப்படும்.

ஆனால் இவ்வழிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. விண்டேஜ் வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. வியாபாரத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்குப் போய் வரலாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் வாரம் இருமுறை மண்டிக்கும் இதில் போகலாம் என்று நினைப்பவருக்கு இவ்வழி உதவாது.

கட்டணக் கணக்கு

2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, 20 ஆண்டு கடந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கக் காருக்கு ரூ. 10,000, மோட்டார் சைக்கிளுக்கு ரூ. 2,000. இறக்குமதிக் காருக்கு ரூ. 80,000. விண்டேஜ் பதிவுக்கு முதல் முறை ரூ. 20,000, பத்தாண்டு கழித்து மறுபதிவுக்கு ரூ. 5,000.

பத்தாண்டுக் கணக்காகப் பாருங்கள். சாதாரண வழியில் காருக்கு இரண்டு முறை, ஆக ரூ. 20,000. விண்டேஜ் வழியிலும் முதல் பத்தாண்டுக்கு அதே ரூ. 20,000. இரண்டாம் பத்தாண்டில்தான் விண்டேஜ் மலிவாகிறது. மோட்டார் சைக்கிளுக்கோ சாதாரண வழியில் பத்தாண்டுக்கு ரூ. 4,000தான், எனவே கட்டணத்தை மட்டும் பார்த்தால் புல்லட்காரருக்குச் சாதாரண வழியே லாபம். இறக்குமதிக் கார் வைத்திருப்பவர் விண்டேஜ் வழியை யோசிக்கலாம். விண்டேஜ் கார் என்று பதிவானால் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் 50 சதவீதச் சலுகையும் 2022-ஆம் ஆண்டுக் கட்டண அறிவிப்பில் தரப்பட்டது.

எங்கள் நிலை வேறு. தந்தையார் போட்ட டீசல் எஞ்சின் அசல் எஞ்சின் அல்ல. ஆகவே விண்டேஜ் வழி எங்களுக்கு அடைபட்டது. எஞ்சின் மாற்றத்தை அவர் அன்றே புத்தகத்தில் ஏற்றி வைத்ததால்தான் சாதாரண வழி திறந்திருந்தது. ஏற்றாமல் விட்டிருந்தால் ஆய்வாளர் எஞ்சின் எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் வண்டியை நிறுத்தியிருப்பார். எங்கள் தெருவில் எண்ணெய் மண்டி வைத்திருப்பவரிடம் 1964-ஆம் ஆண்டு ஹெரால்டு ஒன்று திருகாணி மாறாமல் இருக்கிறது. அவர் விண்டேஜ் பதிவுக்குக் காகிதம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

எண் எப்படிப் போகிறது?

1. பெயர் மாற்றாமல் விடுவது. உரிமையாளர் காலமானால் 30 நாளில் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்தில் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவை தேவைப்படும். நிறுவனத்தின் பெயரில் இருந்தால் வேலை இன்னும் அதிகம். எங்களுக்கு 1991-ஆம் ஆண்டுக் கலைப்புப் பத்திரம் தேவைப்பட்டது. பழைய இரும்புப் பெட்டியில், வெல்லக் கணக்கு நோட்டுகளுக்கு அடியில் அது அகப்பட்டது. தம்பி சம்மதக் கடிதம் கொடுத்தார். "கார் அண்ணன் பேரில் இருக்கட்டும், ஆனால் நம்பர் நம் எல்லோருக்கும் பொது" என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார். அவர் மனத்தாங்கல் எங்களுக்கு அன்றுதான் புரிந்தது. 1996-இலேயே கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

2. கணினியில் ஏறாமல் இருப்பது. பழைய வண்டிகளின் விவரம் அலுவலகப் பேரேட்டில் இருக்கும், கணினியில் இராது. பரிவாஹன் தளத்தில் எண்ணைப் போட்டால் ஒன்றும் வராது. உடனே வண்டி ரத்தாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். அசல் ஆர்.சி.யுடன் மனுக் கொடுத்து, பேரேட்டோடு ஒத்துப் பார்த்துக் கணினியில் ஏற்றச் சொல்ல வேண்டும். சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு கைவசம் இருக்கட்டும். எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இதற்குத்தான்; மொத்தம் ஏழு மாதத்தில் இதற்கே நான்கு மாதம்.

3. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவது. வெளி மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். பெங்களூரில் இருக்கும் மகன் ஆசைப்படுகிறான் என்று அனுப்பி வைக்கும் முன் இதை யோசியுங்கள்.

4. காலாவதியாக விடுவது. தாமதத்துக்குத் தனிக் கட்டணம் மாதக் கணக்கில் ஏறும். பதிவில்லாத வண்டியைத் தெருவில் இறக்குவது குற்றம். அந்நிலையில் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கைவிரிக்கப் பார்க்கும்.

5. பழைய இரும்புக்குப் போடுவது. உடைத்த வண்டியின் பதிவை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுக்காவிட்டால் எண் உங்கள் பெயரிலேயே நிற்கும். அதை எவர் எங்கே மாட்டிக்கொண்டு ஓடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.

ஆர்.சி. புத்தகம் தொலைந்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்து, ரசீதுடன் படிவம் 26-இல் நகல் கேட்கலாம். நகல் கிடைத்த பிறகே மற்ற வேலைகள் நகரும்.

முடிவாக

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பார்கள். வணிகர்களாகிய நாம் ஒரு மூட்டைத் துவரம்பருப்புக்குக் கூட ரசீது இல்லாமல் இருப்பதில்லை. தந்தையார் விட்டுப்போன வண்டிக்கு மட்டும் அந்தக் கவனத்தைக் காட்டுவதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்.சி. புத்தகத்தை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள்: பதிவு எவர் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும், எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளபடியே இருக்கின்றனவா. மூன்றும் சரியாக இருந்தால் எண்ணைப் பற்றிய கவலை வேண்டாம். ஒன்று தவறினாலும், அதை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே சரி செய்துகொள்ளுங்கள். நிறுவனம் எப்போது கலைந்தது, எஞ்சின் எப்போது மாறியது என்று சொல்ல எங்கள் வீட்டில் அத்தை ஒருவர் இருந்தார். அவர் சொன்ன ஆண்டை வைத்துத்தான் கலைப்புப் பத்திரத்தையே தேடிப் பிடித்தோம்.

எங்கள் கார் இப்போது அதே மூன்றெழுத்தோடு ஓடுகிறது. பொங்கலுக்குத் தம்பி வந்து எடுத்துப்போவார். அடுத்த புதுப்பிப்புத் தேதியைக் கடைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.